சாலையின் குறுக்கே ஒரு கணக்கு

சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில் எங்கள் பள்ளிக்கு முன்னால் இருக்கும் சாலையை அகலப்படுத்தும் பணிக்காகச் சர்வே நடந்தது. ஓர் இளைஞர் இரண்டு மீட்டர் உயரக் கம்பை ஊன்றி நின்றார். கம்பின் உச்சியில் காளான் குடை போல ஒரு கருவியும், இடுப்பு உயரத்தில் கைப்பேசி போன்ற ஒரு திரையும் இருந்தன. சாலையின் நடுவில் ஒரு நொடி நிற்பார், பிறகு ஓரத்தில், பிறகு வாய்க்காலுக்குள், கடைசியில் எங்கள் சுற்றுச்சுவர் வரை வந்து திரும்பிவிடுவார். சில மீட்டர் தள்ளிப் போய் மறுபடியும் அதையே செய்வார்.

என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னல் வழியாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று அந்தப் பாடவேளை நடக்காது என்று புரிந்துவிட்டது. "என்ன அளக்கிறார்னு கேட்டுட்டு வரேன்" என்று கிளம்பினேன். அப்போது ஒரு மாணவி கேட்டாள்: "ரோடு இன்னும் உயர்ந்தா நம்ம கிளாஸுக்குள்ள தண்ணி வருமா டீச்சர்?"

நாங்கள் இருப்பது டெல்டாப் பகுதி. ஒவ்வொரு முறை தார் போடும்போதும் சாலை கொஞ்சம் உயர்கிறது, பள்ளி வளாகம் அப்படியே இருக்கிறது. ஐப்பசி மழையில் மைதானத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்பது எங்களுக்கு வழக்கம். அதனால் அவள் கேட்டது விளையாட்டுக் கேள்வி இல்லை. அதற்கு விடை தேடப் போய், கணித ஆசிரியையான நானே சில பாடங்களைப் புதிதாகக் கற்றேன். அவற்றைப் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

குறுக்குவெட்டு என்றால் என்ன?

கேக்கை வெட்டினால் உள்ளே இருக்கும் அடுக்குகள் தெரிகின்றன அல்லவா? சாலையையும் அதன் நீளத்துக்குச் செங்குத்தாக வெட்டியதாக நினைத்துக்கொள்வோம். நடுவில் சற்றே மேடு, இரு பக்கமும் சரிவு, மண் ஓரம், வாய்க்கால், அதற்கப்பால் வயலோ சுவரோ வீடோ தெரியும். இந்தத் தோற்றத்தை வரைவதுதான் குறுக்குவெட்டு. நேரான பகுதியில் 20 அல்லது 50 மீட்டருக்கு ஒன்று, வளைவுகளில் இன்னும் நெருக்கமாக, சாலை நெடுக இவற்றை எடுக்கிறார்கள்.

எந்தப் புள்ளியையும் சொல்ல இங்கே மூன்று எண்கள் போதும். முதல் எண், சாலையின் தொடக்கத்திலிருந்து மையக்கோட்டின் வழியே எவ்வளவு தூரம் என்பது. இதைச் 'செயினேஜ்' என்கிறார்கள். ஒரு காலத்தில் சங்கிலி போட்டு அளந்ததால் வந்த பெயர். இரண்டாவது எண், மையக்கோட்டிலிருந்து இடப்பக்கமோ வலப்பக்கமோ எவ்வளவு தள்ளி என்பது. இடம், வலம் என்பது செயினேஜ் கூடும் திசையைப் பார்த்து நின்று சொல்வது. மூன்றாவது எண் உயரம்.

"நீங்க எங்கே நிக்கிறீங்கன்னு இந்தத் திரைக்கு எப்படித் தெரியும் தம்பி?" என்று கேட்டேன். "சாலையோட மையக்கோட்டை முன்னாடியே இதில் ஏத்திடுவோம் மேடம். நான் நிக்கிற இடத்தைச் செயற்கைக்கோள் சொல்லும். செயினேஜ் எவ்வளவு, எவ்வளவு தள்ளி நிக்கிறேன்னு மென்பொருள் கணக்குப் போட்டுக் காட்டும்" என்றார்.

மென்பொருள் போடும் கணக்கு

அந்தக் கணக்கு நம் ஆயத்தொலை வடிவியல்தான். 'அ' என்ற புள்ளி (0, 0) என்று வைத்துக்கொள்வோம். முதல் எண் கிழக்கே எத்தனை மீட்டர், இரண்டாவது எண் வடக்கே எத்தனை மீட்டர். சாலை அங்கிருந்து 'ஆ' (30, 40) வரை நேராகச் செல்கிறது. அதன் நீளம் 50 மீட்டர். சர்வேயர் 'ப' (20, 10) என்ற இடத்தில் நிற்கிறார்.

சாலையின் சாய்வு 4/3. அதற்குச் செங்குத்தான கோட்டின் சாய்வு −3/4. 'ப' வழியாக அந்தச் செங்குத்துக் கோட்டை வரைந்தால் அது சாலையை (12, 16) என்ற புள்ளியில் வெட்டும். இனித் தொலைவுச் சூத்திரம் போதும். 'அ'விலிருந்து (12, 16) வரை 20 மீட்டர், இது செயினேஜ். அங்கிருந்து 'ப' வரை 10 மீட்டர், இது விலகல். வரைபடத்தாளில் குறித்துப் பார்த்தால் அவர் சாலைக்கு வலப்பக்கம் நிற்பது தெரியும்.

பத்தாம் வகுப்பில் இதைக் கரும்பலகையில் போட்டபோது, "இதையா அந்தக் கருவி செய்யுது?" என்று ஒருவன் ஏமாற்றத்தோடு கேட்டான். ஆம், இதையேதான் திரும்பத் திரும்பச் செய்கிறது. வளைவில் மட்டும் சாலை வட்டவில்லாக மாறும். அப்போது செங்குத்துக்கோடு அந்த வட்டத்தின் ஆரத்தின் மீது அமையும். தொடுகோட்டுக்கு ஆரம் செங்குத்து என்ற தேற்றம் இங்கே வேலைக்கு வருகிறது.

செயற்கைக்கோள் தருவது அட்சரேகையும் தீர்க்கரேகையும். அவற்றைக் கிழக்கு, வடக்கு மீட்டர்களாக மாற்ற, உலகை 6 டிகிரி அகலப் பட்டைகளாகப் பிரித்திருக்கிறார்கள். தமிழ்நாடு இரண்டு பட்டைகளில் விழுகிறது. கோயம்புத்தூரும் திருநெல்வேலியும் 43ஆம் பட்டையில், சென்னையும் தஞ்சாவூரும் 44ஆம் பட்டையில் உள்ளன. பட்டையைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் ஆயத்தொலைகள் எல்லாமே மாறிவிடும்.

கைப்பேசிக்கும் அந்தக் கருவிக்கும் என்ன வேறுபாடு?

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. நம் நாட்டின் நாவிக் அமைப்பும் இதே அடிப்படையில் இயங்குவதுதான். அங்கிருந்து கிளம்பும் ரேடியோ அலை நொடிக்கு 3 லட்சம் கி.மீ. வேகத்தில் வருகிறது. வர எடுத்துக்கொண்ட நேரத்தை வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைக்கும். நேரத்தில் ஒரு மைக்ரோநொடி தவறினாலும் தூரத்தில் 300 மீட்டர் பிழை வரும். நம் கையிலுள்ள கருவியின் கடிகாரம் அவ்வளவு துல்லியமானது அல்ல. இடத்துக்கு மூன்று, கடிகாரப் பிழைக்கு ஒன்று என நான்கு மாறிகளைக் கண்டுபிடிக்க வேண்டியிருப்பதால் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தேவை. நான்கு மாறிகளுக்கு நான்கு சமன்பாடுகள் என்று நாம் சொல்லிக்கொடுப்பதுதான் இது.

வளிமண்டலம் அலையைத் தாமதப்படுத்துவதால் கைப்பேசி காட்டும் இடம் திறந்த வெளியிலும் சில மீட்டர் தவறலாம். சர்வேயர் இரண்டு கருவிகளை வைத்திருந்தார். ஒன்று, இடம் ஏற்கெனவே துல்லியமாகத் தெரிந்த ஒரு கல்லின் மீது முக்காலியில் அசையாமல் நிற்கும் 'பேஸ்'. மற்றொன்று அவர் கையிலிருந்த 'ரோவர்'. தான் நிற்கும் இடம் தெரியும் என்பதால், வரும் அலையில் இப்போது எவ்வளவு பிழை என்று பேஸ் கணக்கிட்டு ரோவருக்கு அனுப்புகிறது. பக்கத்திலேயே இருப்பதால் ரோவருக்கும் ஏறக்குறைய அதே பிழைதான். அதைக் கழித்துவிட்டால் மீட்டர் கணக்கிலிருந்த பிழை சென்டிமீட்டர் கணக்குக்கு இறங்குகிறது. அலையின் நீளம் சுமார் 19 செ.மீ. மட்டுமே. இடையில் எத்தனை முழு அலைகள் என்று மென்பொருள் உறுதியாகக் கண்டுபிடித்ததும் திரையில் 'ஃபிக்ஸ்' என்று வரும். உறுதியாகாவிட்டால் 'ஃப்ளோட்'. "ஃப்ளோட்ல எடுத்த புள்ளியை நான் சேர்க்க மாட்டேன் மேடம்" என்றார் அவர்.

புளியமரத்தடியில் 'ஃபிக்ஸ்' எளிதில் வராது. இலைகள் அலையை மறைக்கும், பக்கத்துச் சுவர் அலையைத் திருப்பி அடிக்கும். அங்கெல்லாம் டோட்டல் ஸ்டேஷனோ ஆட்டோ லெவலோதான்.

நான் செய்த தவறு

இவ்வளவு கேட்டுக்கொண்ட பிறகும் நான் அவசரப்பட்டேன். மாணவியின் கேள்விக்கு விடை காண, கைப்பேசியில் உயரம் காட்டும் ஒரு செயலியை இறக்கி, வகுப்பறைத் தாழ்வாரத்தில் வைத்தேன். −78 மீட்டர் என்று காட்டியது. வாசற்கதவருகே −71.

"டீச்சர், நாம கடலுக்கு அடியிலயா இருக்கோம்?" என்று ஒருவன் கேட்டான். வகுப்பே சிரித்தது. எனக்குப் பதில் தெரியவில்லை. அதைவிட மோசம், 'பள்ளி சாலையைவிட 7 மீட்டர் பள்ளத்தில் உள்ளது' என்று ஒரு குழு ஏற்கெனவே மனு எழுதத் தொடங்கியிருந்தது. ஏழு மீட்டர் என்பது இரண்டு மாடி உயரம்! பத்து நிமிடம் கழித்துத் தாழ்வாரத்தில் அதே இடத்தில் வைத்தேன். −81 என்றது.

இங்கே இரண்டு சிக்கல்கள் கலந்திருந்தன. ஒன்று, கைப்பேசியின் பிழை. செயற்கைக்கோள் முறையில் கிடைமட்டப் பிழையைவிட உயரப் பிழை பொதுவாகவே அதிகம். செயற்கைக்கோள்கள் எல்லாம் நம் தலைக்கு மேல் மட்டுமே இருப்பதும், பூமிக்குக் கீழிருந்து எதுவும் வராததும் இதற்குக் காரணம்.

இரண்டாவது சிக்கல்தான் எனக்குப் புதிது. செயற்கைக்கோள் உயரத்தைக் கடல் மட்டத்திலிருந்து அளப்பதில்லை. பூமியின் வடிவத்துக்குப் பொருந்துமாறு கணித முறையில் அமைத்த வழவழப்பான ஒரு நீள்கோள வடிவத்திலிருந்து அளக்கிறது. உண்மையான கடல் மட்டம் அப்படி வழவழப்பாக இல்லை. பூமிக்குள் பொருள் சீராகப் பரவாததால் ஈர்ப்பு இடத்துக்கு இடம் மாறுகிறது, கடல் மட்டமும் மேடு பள்ளமாகிறது. உலகிலேயே இந்தப் பள்ளம் மிக அதிகமாக இருப்பது இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில், ஏறத்தாழ 106 மீட்டர். தமிழ்நாடு அதன் சரிவில் இருப்பதால், இங்கே கடல் மட்டமே அந்தக் கணித வடிவத்துக்குச் சுமார் 80 முதல் 100 மீட்டர் கீழே இருக்கிறது. ஆகவே இந்தத் திருத்தம் செய்யாத செயலிகள் நம் கடற்கரையில் மைனஸ் காட்டும். சர்வேயரின் மென்பொருளில் இந்த வேறுபாட்டுக்கான மாதிரி ஏற்றப்பட்டிருக்கும். அதையும் உயரம் தெரிந்த பெஞ்ச் மார்க் கல்லில் சரிபார்த்துக்கொள்வார்கள்.

மறுநாள் வகுப்பில் என் தவறை ஒப்புக்கொண்டேன். 'உயரம் எவ்வளவு?' என்று கேட்பதற்கு முன் 'எங்கிருந்து அளந்தது?' என்று கேட்க வேண்டும் என்று கரும்பலகையில் எழுதினேன். மனுவைக் கிழிக்க வேண்டாம், நோட்டில் ஒட்டி வையுங்கள் என்றேன்.

கொத்தனாரின் டியூப் மட்டம்

தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று அறியச் செயற்கைக்கோள் தேவையில்லை, தண்ணீரே போதும். வீடு கட்டும் கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் மட்டத்தை எடுத்தோம். 12 மீட்டர் தெளிவான பிளாஸ்டிக் குழாய், சென்டிமீட்டர் குறித்த இரண்டு குச்சிகள், ஒரு வாளித் தண்ணீர். இரு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். தார் ஓரத்தில் வைத்த குச்சியில் தண்ணீர் 62 செ.மீ., மண் ஓரத்தில் வைத்த குச்சியில் 69 செ.மீ. என்றால் மண் ஓரம் 7 செ.மீ. தாழ்வு.

ஒரு சனிக்கிழமை காலை, போக்குவரத்துக் குறைந்த நேரத்தில் அளந்தோம். சாலையில் இறங்கியது நானும் உடற்கல்வி ஆசிரியரும் மட்டும். பிள்ளைகள் மண் ஓரத்திலிருந்து உள்பக்கம். முதல் முறை தாழ்வாரம் வரை அளந்து, தொடங்கிய இடத்துக்கே திரும்பி அளந்து வந்தபோது 6 செ.மீ. வேறுபாடு. குழாயில் காற்றுக்குமிழி இருந்திருக்கிறது. குமிழியை வெளியேற்றி மறுபடி அளந்தோம். இம்முறை வேறுபாடு 1 செ.மீ. தொடங்கிய இடத்திலேயே முடித்துப் பிழையைப் பார்ப்பது சர்வேயர்களின் பழைய பழக்கம். நாம் வகுத்தல் கணக்கைப் பெருக்கிச் சரிபார்ப்பது போல.

சாலையின் மையத்தைப் பூஜ்யமாக வைத்து எங்களுக்குக் கிடைத்த குறுக்குவெட்டு இதுதான்:

மையம்: 0
3.5 மீட்டரில் தார் ஓரம்: −8 செ.மீ.
5 மீட்டரில் மண் ஓரம்: −15 செ.மீ.
5.9 மீட்டரில் வாய்க்காலின் அடி: −78 செ.மீ.
6.8 மீட்டரில் வாய்க்காலின் மறுகரை: −20 செ.மீ.
8 மீட்டரில் சுற்றுச்சுவர்
12 மீட்டரில் மைதானம்: −52 செ.மீ.
20 மீட்டரில் மைதானம்: −58 செ.மீ.
26 மீட்டரில் தாழ்வாரத் தளம்: −23 செ.மீ.

வாய்க்காலின் பரப்பையும் கணக்கிட்டோம். கரைக்குக் கரை கயிறு கட்டி, 0, 0.4, 0.9, 1.3, 1.8 மீட்டர்களில் ஆழம் பார்த்தோம். கிடைத்தவை 0, 0.4, 0.6, 0.5, 0 மீட்டர். இடையில் வருபவை சரிவகங்கள், இரு முனைகளில் முக்கோணங்கள். பரப்புகள் 0.08, 0.25, 0.22, 0.125. மொத்தம் 0.675 சதுர மீட்டர். பத்து மீட்டர் தள்ளி, மண் தூர்ந்த இடத்தில் இதேபோல 0.325 சதுர மீட்டர். இரண்டின் சராசரி 0.5, நீளம் 10 மீட்டர், ஆக அந்தத் துண்டின் கொள்ளளவு 5 கன மீட்டர், அதாவது 5,000 லிட்டர். சாலைப் பணியில் எத்தனை லோடு மண் வெட்ட வேண்டும், எத்தனை லோடு கொட்ட வேண்டும் என்பதையும் மென்பொருள் இதே சராசரி முறையில்தான் கணக்கிடுகிறது.

எட்டு சென்டிமீட்டர்

அடுத்த வாரம் பணியைப் பார்க்க வந்த பொறியாளரிடம் தலைமை ஆசிரியர் பேசினார். பள்ளிக்கு முன் சாலையின் மையம் 25 செ.மீ. உயரும், சிமெண்ட் வடிகாலின் தரை புதிய மையத்திலிருந்து 75 செ.மீ. கீழே இருக்கும் என்று அவர் சொன்னார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. முக்கால் மீட்டர் ஆழ வடிகால்!

பிள்ளைகள் அதைத் தங்கள் படத்தில் குறித்தார்கள். புதிய மையம் +25. அதிலிருந்து 75 கழித்தால் −50. மைதானம் −58. வடிகாலின் தரையே மைதானத்தைவிட 8 செ.மீ. உயரம். மழைத் தண்ணீர் மைதானத்திலிருந்து வடிகாலுக்குப் போகாது, வடிகாலிலிருந்து மைதானத்துக்கு வரும்.

யாரும் கணக்கைத் தப்பாகப் போடவில்லை. அவர்களுடைய குறுக்குவெட்டு எங்கள் சுவரோடு முடிந்துவிட்டது. சுவருக்குப் பின்னால் இருக்கும் பள்ளம் படத்திலேயே இல்லை.

பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, பிள்ளைகள் வரைந்த குறுக்குவெட்டை இணைத்துக் கடிதம் கொடுத்தோம். சில நாட்களில் ஆட்டோ லெவலோடு வந்தார்கள். "ரோவரில் உயரம் இரண்டு மூன்று சென்டிமீட்டர் முன்னே பின்னே இருக்கலாம். வடிகாலுக்கு 100 மீட்டருக்கு 20 செ.மீ. சரிவுதான் கொடுப்போம், அதாவது 10 மீட்டருக்கு வெறும் 2 செ.மீ. அதனால் வடிகாலுக்கு லெவல்தான் சரி" என்று பொறியாளரே பிள்ளைகளுக்கு விளக்கினார். மைதானத்தில் நான்கு புள்ளிகள் எடுத்தார்கள். எங்கள் −58 அவர்கள் கணக்கில் −59. அன்று அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

சற்றுத் தள்ளியுள்ள சிறுபாலத்தின் தரை போதிய தாழ்வாக இருந்ததால், எங்கள் முன்பகுதியில் வடிகாலை 20 செ.மீ. தாழ்த்தினார்கள். இப்போது வடிகாலின் தரை −70. மைதானத்தைவிட 12 செ.மீ. கீழே. பெரிய சரிவு இல்லை. இந்த ஆண்டு மழைதான் மீதியைச் சொல்லும். தூர் வாராமல் விட்டால் அந்த 12 செ.மீ. சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால், மாதம் ஒருமுறை ஆழம் பார்த்து எழுதுவதைச் சூழல் மன்றத்துக்குக் கொடுத்திருக்கிறோம்.

நீங்களும் செய்து பார்க்கலாம்

நில அளவை நம் மண்ணுக்குப் புதிதல்ல. 1802இல் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலை அருகே சுமார் 12 கி.மீ. நீளமுள்ள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்துதான் இந்தியப் பெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார். மலைகள் இல்லாத டெல்டாவில் கோயில் கோபுரங்களின் மீது கருவியை ஏற்றினார். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது கயிறு அறுந்து, அரை டன் எடையுள்ள அந்தக் கோணமானி சேதமடைந்தது. அவரே அதைச் சரிசெய்து பணியைத் தொடர்ந்தார். முக்கோணவியல் பாடத்தை இந்தக் கதையோடு தொடங்கலாம்.

தொடக்க வகுப்புகளில் ஒரு தட்டில் மணலைக் குவித்து, அட்டையால் செங்குத்தாக வெட்டி ஓரத்தை வரையச் சொல்லலாம். நான்கு, ஐந்தாம் வகுப்புகளில் டியூப் மட்டத்தால் வகுப்பறையின் இரு மூலைகளை ஒப்பிடலாம். நடுநிலை வகுப்புகளில் பள்ளி வாய்க்காலின் பரப்பு. ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் மையக்கோடு, செங்குத்து, விலகல். எந்த வகுப்பானாலும் இரண்டு விதிகள்: எங்கிருந்து அளந்தோம் என்று முதலில் எழுத வேண்டும், தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வந்து பிழையையும் எழுத வேண்டும்.

கேள்வி கேட்ட அந்த மாணவி இப்போது பத்தாம் வகுப்பு. அவளும் நண்பர்களும் வரைந்த குறுக்குவெட்டு எங்கள் ஆய்வகச் சுவரில் இருக்கிறது. பக்கத்திலேயே 'ஏழு மீட்டர் பள்ளம்' மனுவையும் ஒட்டி வைத்திருக்கிறோம்.